வீட்டுக்குப் பின்புறம் காப்புக்காடு: நன்மங்கலம் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் சாலையில், மேடவாக்கத்தின் கடை வரிசையும் அடுக்குமாடிகளும் விலகி, வேலியும் முள்புதருமாகத் தெரிகிற இடம்தான் நன்மங்கலம் காப்புக்காடு. அறிவிக்கப்பட்ட காப்புக்காட்டின் பரப்பு சுமார் 320 ஹெக்டேர். கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான். நன்மங்கலம் அதைவிடப் பெரியது. இருந்தும் சென்னைவாசிகளில் பலருக்கு இப்படியொரு காடு இருப்பதே தெரியாது. பக்கத்தில் வீடு வாங்கியவர்களுக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் விளம்பரத்தில் "காட்டைப் பார்த்த பால்கனி" என்று போட்டிருப்பார்கள்.

கிண்டிக்கும் நன்மங்கலத்துக்கும் சட்டத்தில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றைச் சுற்றிச் சூழல் கூர்உணர்வு மண்டலம் என்ற பாதுகாப்பு வளையம் அறிவிக்கப்படுகிறது. வெறும் காப்புக்காட்டுக்கு அந்த வளையம் தானாக வருவதில்லை. வேலி வரை காடு, வேலியைத் தாண்டினால் பட்டா நிலம். முறையான அனுமதி இருந்தால் வேலியை ஒட்டியே பத்து மாடி எழுப்பலாம். 320 ஹெக்டேரையும் மொத்தமாக யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை, சட்டம் அதற்கு இடம் தராது. இந்தக் காடு ஓரத்திலிருந்துதான் தேய்கிறது. குப்பை, கழிவுநீர், விளக்கு, நாய், ஒற்றையடிப் பாதை எல்லாம் நுழைவது ஓரத்தின் வழியாக. அந்த ஓரத்தில்தான் நீங்கள் குடியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை உங்களுக்கு.

முதலில் எல்லை

காட்டின் மேல் அக்கறை வந்த எவரும் முதலில் செய்ய வேண்டியது காகிதம் பார்ப்பது. உங்கள் கிரயப் பத்திரத்தில் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் இருக்கும். தமிழக அரசின் நில ஆவணங்களுக்கான மின்சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் ஆகியவற்றைக் கொடுத்தால் அ-பதிவேட்டு (நிலத்தின் வகையும் உரிமையும் பதிவான ஏடு) விவரத்தையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பார்க்கலாம். உங்கள் எண்ணோடு நிறுத்தாதீர்கள். அதைச் சுற்றியுள்ள எண்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எது பட்டா, எது தரிசு, எது மேய்க்கால், எது ஓடைப் புறம்போக்கு, எது காப்புக்காடு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் கையில் இருந்தால் போதும், நாளைக்கு எந்த அலுவலகத்திலும் உங்களை "படித்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்ப முடியாது.

பழைய பத்திரங்களில் காஞ்சிபுரம் மாவட்டம் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். செங்கல்பட்டு 2019-இல்தான் தனி மாவட்டமானது.

புலப்படத்தில் நிலத்தை ஊடறுத்துச் செல்லும் ஓடைக் கோட்டைத் தவறாமல் பாருங்கள். காட்டுக்குள் பெய்யும் மழை எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதைச் சொல்வது அந்தக் கோடுதான். இந்தப் பகுதியில் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் எல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தோடு தொடர்புடையவை. 2022-இல் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட சதுப்பு நிலம் அது. ஒரு மனைப்பிரிவு நான்கடி மண் கொட்டி உயர்த்தப்பட்டு ஓடை மறிக்கப்பட்டால், ஒரு பக்கம் காட்டில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும், மறுபக்கம் பழைய தெருக்களில் வெள்ளம் புகும். காட்டுக்கும் ஊருக்கும் ஒரே நேரத்தில் கேடு வருகிற இடம் இது.

சட்டப்படி காப்புக்காடு உருவாவது 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டத்தின் கீழ். நான்காவது பிரிவில் அரசு தன் நோக்கத்தை அறிவிக்கும். உரிமைக் கோரிக்கைகளை விசாரித்த பிறகு பதினாறாவது பிரிவில் காப்புக்காடாக உறுதி செய்யும். இரண்டுக்கும் இடையில் கிடக்கும் நிலத்தைக் காட்டி "இது இன்னும் காடாகவில்லை, தைரியமாக வாங்குங்கள்" என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். நம்பாதீர்கள். காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசின் அனுமதி கேட்கும் வனப் பாதுகாப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை, காடு என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருளையே கொள்ள வேண்டும், நிலம் யாருடையது என்பது பொருட்டில்லை என்று உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று சொல்லிவிட்டது. 2023-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகும், அதே பொருளைத் தொடரும்படி 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு பிறந்தது.

அடுத்தது உங்கள் சுற்றுச்சுவர்

அரசுக்கு மனு எழுதும் முன் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். காட்டுக்கு நேரும் தொல்லையில் கணிசமான பகுதி அடுக்குமாடியின் பின்சுவரிலிருந்துதான் போகிறது. அதை நிறுத்த யாருடைய அனுமதியும் தேவையில்லை.

விளக்கிலிருந்து தொடங்குவது நல்லது. நன்மங்கலம் காட்டுக்குள் கைவிடப்பட்ட கருங்கல் குவாரி ஒன்று இருக்கிறது. அதன் செங்குத்துப் பாறைகளில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. இது குச்சி வைத்துக் கூடு கட்டும் பறவை இல்லை. பாறை விளிம்பில், வெறும் மண்ணில் முட்டையிடும். பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை இதன் இனப்பெருக்கக் காலம். பெண் ஆந்தை ஒரு மாதத்துக்கு மேல் அந்த விளிம்பை விட்டு அசையாமல் அடைகாக்கும். பொழுது சாய்ந்ததும் ஆண் பறவை பாறை உச்சிக்கு வந்து அமரும். முன்பக்கம் குனிந்து அடித்தொண்டையில் குரல் கொடுக்கும்போது கழுத்தின் வெள்ளைத் திட்டு உப்பித் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் இணையின் கண்ணுக்குப் படும்படி அமைந்த அடையாளம் அது. அந்த நேரத்தில் ஒரு மொட்டை மாடியிலிருந்து வெள்ளை ஃபோகஸ் விளக்கு காட்டுக்குள் பாய்ந்தால், அந்த மங்கலே அங்கு இல்லாமல் போய்விடுகிறது.

ஆகவே காட்டை நோக்கிய விளக்குகளைத் தரையைப் பார்க்கத் திருப்புங்கள். மேலே மூடி உள்ளவையாக மாற்றுங்கள். நீலம் கலந்த வெள்ளைக்குப் பதில் மஞ்சள் ஒளி போதும். இரவு பத்து மணிக்கு மேல் ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரிகிற வகை கிடைக்கிறது, மின் கட்டணமும் குறையும். பாதுகாப்புக் குறையும் என்று சங்கத்தில் யாராவது எதிர்ப்பார்கள். கண்காணிப்பு கேமராவின் கண் கூசாத அளவுக்கு விளக்கு கீழ்நோக்கி இருந்தால் படம் இன்னும் தெளிவாக விழும் என்று செய்தே காட்டுங்கள்.

எலி மருந்தும் உடனே நிற்க வேண்டும். விஷம் தின்ற எலி உடனே சாவதில்லை, தள்ளாடிக்கொண்டு திரியும். ஆந்தைக்கும் சாரைப் பாம்புக்கும் எளிதில் அகப்படுவது அதுதான். விஷம் அப்படியே அடுத்த உயிருக்குப் போகிறது. பொறி வையுங்கள், குப்பைத் தொட்டியை மூடி வையுங்கள்.

நாய்களுக்குச் சோறு வைக்கிறவர்கள் இரக்கம் உள்ளவர்கள், அவர்களோடு சண்டை வேண்டாம். சோறு வைக்கும் இடத்தை மட்டும் காட்டுச் சுவரிலிருந்து தள்ளி மாற்றச் சொல்லுங்கள். கருத்தடைக்கு உள்ளாட்சி அமைப்பிடம் எழுதுங்கள். சுவருக்குப் பக்கத்தில் வயிறு நிறையும் நாய்க் கூட்டம் அடுத்து செய்வது சுவரைத் தாண்டி முயலையும் உடும்பையும் துரத்துவதுதான். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசிக் குழாய் எங்கே போய் விழுகிறது என்று பராமரிப்பு ஊழியரை அழைத்துக்கொண்டு போய்க் கண்ணால் பாருங்கள். நிலையம் இருக்கிறது என்பதை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள்.

பதிவேடு வையுங்கள்

ஆக்கிரமிப்பு எப்படி வளர்கிறது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இரவில் ஒரு லாரி கட்டட இடிபாடுகளைக் கொட்டிவிட்டுப் போகும். ஒரு வாரத்தில் அது பத்து லாரியாகும். பிறகு பொக்லைன் வந்து சமன் செய்யும். சமனான இடத்தில் வாகனம் நிற்கும். வாகனத்துக்கு நிழல் வேண்டும் என்று தகரக் கொட்டகை வரும். கொட்டகைக்கு மின் இணைப்பு, இணைப்புக்கு ரசீது, ரசீதைக் காட்டி வரி. கடைசியில் எல்லாக் காகிதமும் கையில் வைத்திருக்கும் ஒருவரை வெளியேற்ற வழக்கு ஆண்டுக் கணக்கில் நடக்கும். முதல் லாரியின்போதே தடுத்தால் ஒரு தொலைபேசி அழைப்போடு முடிகிற வேலை இது.

அதனால் சாதாரண நோட்டு ஒன்று போதும், தொடங்குங்கள். தேதி, நேரம், இடம், பார்த்தது என்ன, வண்டி எண். படம் எடுக்கும்போது கைப்பேசியில் இருப்பிடப் பதிவை இயக்கி வையுங்கள். முக்கியமாக, மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று அதே திசையில் படம் எடுங்கள். பின்னணியில் மாறாத ஒன்று தெரிய வேண்டும்: எல்லைக்கல், மின்கம்பம், பாறை, எதுவானாலும் சரி. அப்படி ஆறு படங்களை வரிசையாக வைத்தால் விளக்கமே தேவைப்படாது. முந்தைய ஆண்டுகளின் நிலைமைக்கு கூகுள் எர்த்தின் பழைய செயற்கைக்கோள் படங்கள் உதவும்.

இதற்காகக் காட்டுக்குள் நுழைய வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது வனச் சட்டத்தின் 21-வது பிரிவின் கீழ் குற்றம். நல்ல நோக்கம் என்பதற்காகச் சட்டம் விலக்கு தராது. புகார் கொடுத்தவர் மீதே வழக்கு வந்தால் மகிழ்கிறவர்கள் வேறு ஆட்கள். எல்லாப் படமும் பொதுச் சாலையிலிருந்தோ உங்கள் மொட்டை மாடியிலிருந்தோ எடுக்க முடிந்தவையாக இருக்கட்டும். லாரிக்காரரோடு தனியாக வாக்குவாதமும் வேண்டாம்.

யாருக்கு எழுதுவது

ஒரு மனுவில் ஒரே விஷயம். குப்பை, நாய், விளக்கு, ஆக்கிரமிப்பு என்று நான்கையும் ஒரே கடிதத்தில் எழுதினால், நான்கு துறைகளும் மற்ற மூன்று துறைகளைக் கைகாட்டும்.

வேலிக்கு உள்ளே நடப்பது எதுவானாலும் வனத்துறை. களத்தில் வனக்காப்பாளர், அவருக்கு மேல் வனவர், பிறகு வனச்சரக அலுவலர், மாவட்ட வன அலுவலர். மனுவைச் சரக அலுவலருக்கு எழுதி மாவட்ட வன அலுவலருக்கு நகல் போடுங்கள். களப் பணியாளர்களை எதிரியாக நினைக்காதீர்கள். சில பேர்தான் இத்தனை பெரிய எல்லையைச் சுற்றி வருகிறார்கள், அவர்களுக்கு உங்கள் மொட்டை மாடி ஒரு கூடுதல் கண். வேலிக்கு வெளியே புறம்போக்கு, ஓடை என்றால் வருவாய்த் துறை: கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், கோட்டாட்சியர். குப்பையும் இடிபாடும் உள்ளாட்சி. கழிவுநீர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கட்டட அனுமதி சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது உள்ளாட்சி.

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். தபாலில் என்றால் ஒப்புகை பெறும் வசதியுடன் விரைவுத் தபால். பதில் வராவிட்டால் திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவை, பழைய முத்திரை நகலோடு கொடுங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100-இலும் பதியலாம். ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் கிராம சபையை விட்டுவிடக் கூடாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 நாட்களிலும் கூடுகிறது. அடுக்குமாடிக்காரர்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்ற மனக்குறை ஊர்க்காரர்களுக்கு உண்டு. அது நியாயமான குறை.

தகவல் உரிமை மனுவில் "ஏன்" என்று கேட்காதீர்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்ற கேள்விக்கு "தகவல் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்த சர்வே எண்ணுக்கு வழங்கிய திட்ட அனுமதியின் நகல், அதற்கு முன் வனத்துறையின் கருத்து கேட்கப்பட்டிருந்தால் அந்தக் கடிதமும் பதிலும், நான் இன்ன தேதியில் கொடுத்த மனுவின் கோப்புக் குறிப்புகள். கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அல்லது அரைகுறையாக வந்தால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கோப்பை நேரில் பார்வையிடவும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. பலர் பயன்படுத்தாத உரிமை இது. நகலில் வராத ஓரக் குறிப்புகளெல்லாம் கோப்பில் கண்ணில் படும்.

புதிய மனைப்பிரிவு வருகிறது என்றால்

வீடே கட்டக் கூடாது என்று நாம் சொல்ல முடியாது. நாமும் கட்டிய வீட்டுக்குத்தான் வந்தோம். கேட்க வேண்டியது, காட்டை ஒட்டி எப்படிக் கட்டுவது என்பதைப் பற்றி.

கட்டப்படும் மொத்தப் பரப்பு 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் என்றால், 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும். விண்ணப்பங்களையும் அனுமதிக் கடிதங்களையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடலாம். கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. ஆகவே யாரும் உங்களை அழைத்துச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் தேடிப் பிடித்து மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு எழுத வேண்டும். விண்ணப்பத்தில் பக்கத்தில் காடு இருப்பது குறிப்பிடப்பட்டிருக்கிறதா, ஓடை வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிலத்தை இரண்டு மூன்று கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் 20,000-க்குக் கீழே காட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள். அனுமதி கிடைத்த திட்டங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையில் எழுதியிருப்பதையும் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுகிற ஒரு கோரிக்கை உண்டு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019-இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். விற்பனைக்கு உதவாத ஏதோ ஒரு மூலையை அதற்குத் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. அந்தத் திறந்தவெளியைக் காட்டு வேலியை ஒட்டிய நீளமான பட்டையாக ஒதுக்கச் சொல்லி, திட்டம் ஒப்புதலுக்குப் போகும் முன்பே சி.எம்.டி.ஏ.வுக்கு எழுதுங்கள். அடித்தளம் தோண்டிய பிறகு கேட்டுப் பயனில்லை. சட்டம் தராத பாதுகாப்பு வளையத்தில் ஒரு துண்டு இப்படிக் கிடைக்கும். கட்டுநருக்கும் நஷ்டமில்லை, எப்படியும் கொடுக்க வேண்டிய நிலம்தான்.

தீர்ப்பாயம் எப்போது

மனுவும் தகவல் உரிமையும் பலிக்காதபோது, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இயங்குகிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். தீர்ப்பாயச் சட்டத்தின் 14-வது பிரிவில் வழக்குத் தொடுக்க, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு, தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். மாதாமாதம் எடுத்த படங்கள் இங்கேதான் கைகொடுக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். இந்தத் தீர்ப்பாயம் விசாரிப்பது ஏழு சட்டங்களின் கீழ் வருபவற்றை மட்டுமே. வனப் பாதுகாப்புச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், நீர்ச் சட்டம், பல்லுயிர்ச் சட்டம் எல்லாம் அதில் உண்டு. வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972 அந்தப் பட்டியலில் இல்லை. ஓடை மறிப்பு, கழிவுநீர், அனுமதி நிபந்தனை மீறல் ஆகியவற்றை முன்வைத்து மனு எழுதினால் நிற்கும்.

ஆசையால் செய்யும் கெடுதல்

காட்டின் மேல் பிரியம் வந்தவுடன் பலருக்கும் தோன்றுவது மரம் நடுவது. நன்மங்கலம் புதர்க்காடு. காரை, களா, சூரை, ஆவாரை போன்ற குட்டையான முள்ளும் புதரும்தான் அதன் இயல்பு. புதருக்கு இடையில் வெட்டவெளியாகத் தெரியும் புல்தரையில் கௌதாரி இரை தேடும். மழைக்குப் பிறகு தரையில் முளைக்கும் ஆர்கிட் செடிகள் தலைகாட்டும். "காலியாகக் கிடக்கிறதே" என்று அங்கே குழி தோண்டி மரம் வைத்தால் இருந்த காட்டை அழித்துத் தோப்பு வைத்ததாகத்தான் ஆகும். மரம் நட ஆசை இருந்தால் உங்கள் வளாகத்தில் நடுங்கள். உண்ணிச்செடி போல் பறவை தின்று காட்டுக்குள் விதைக்கக்கூடிய அலங்காரச் செடிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காட்டுக்குள் சீமைக் கருவேலம் அகற்றுவது போன்ற வேலைகள் வனத்துறை முடிவு செய்து, வனத்துறையின் மேற்பார்வையில் நடக்க வேண்டியவை.

ஆந்தையின் கூடு எந்தப் பாறையில் இருக்கிறது என்று படத்தோடு இணையத்தில் போடாதீர்கள். அடுத்த விடுமுறை நாளிலேயே கேமராக் கூட்டம் வந்துவிடும், தாய்ப் பறவை எழுந்து போனால் முட்டை வெயிலில் வெந்துவிடும்.

கடைசியாக ஊர்க்காரர்கள். ஆடு மேய்த்தவர்கள், சுள்ளி பொறுக்கியவர்கள், ஏரி மதகைத் திறந்து மூடியவர்கள் இன்னும் இந்தக் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களைக் காட்டுக்கு எதிரியாகக் காட்டிப் புகார் எழுதுவது எளிது, பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் காடு இத்தனை ஆண்டுகள் அவர்கள் பக்கத்தில் இருந்தே வந்திருக்கிறது. புலப்படத்தில் கோடாக மட்டும் இருக்கும் ஓடை எந்த வேப்பமரத்தடியில் திரும்பியது, எந்த ஆண்டு எந்தத் தெருவில் முட்டளவு தண்ணீர் நின்றது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், புலப்பட நகலைக் கையில் எடுத்துக்கொண்டு பெரியவர் ஒருவரோடு வேலிக்கு வெளிப்புறமாக அந்த ஓடையின் வழியே நடந்து பாருங்கள். அடைபட்ட இடங்களை நகலில் குறியுங்கள். ஒரு பிரதி கிராம நிர்வாக அலுவலருக்கு, ஒரு பிரதி ஊராட்சிக்கு, முத்திரை வாங்கிய பிரதி உங்கள் சங்கத்தின் கோப்புக்கு.